மின் சிகரெட்டின் ஆவிப் புரட்டு

ஆவி என்ற சொல்லைக் கொண்டு நம் மக்களை ஏமாற்றி வந்தவர்கள் இதுவரையில் ஒரு கூட்டத்தார்தான். செத்தவனுடைய ஆவியை வரவழைத்துப் பேச வைக்கின்றோம் என்று சொல்லி, இருட்டு அறையில் மேசையை ஆட்டிப் பணம் பறித்தவர்கள் அவர்கள். இப்பொழுது இன்னொரு கூட்டத்தார் கிளம்பியிருக்கின்றார்கள். இவர்கள் உயிரோடிருக்கின்ற வாலிபனுடைய நெஞ்சுக்குள் ஓர் ஆவியை ஏற்றிவிட்டு, "இது புகையல்ல, வெறும் நீராவி, இதனால் ஒரு கெடுதியுமில்லை" என்று சொல்லிப் பணம் பறிக்கின்றார்கள். முன்னவர்கள் காட்டிய ஆவி இல்லாத ஆவி. ஆதலால் நஷ்டம் காசோடு போயிற்று. இவர்கள் காட்டுகின்ற ஆவியோ உண்மையாகவே இருக்கின்ற ஆவி. ஆதலால் நஷ்டம் காசோடு போவதாயில்லை.

மின் சிகரெட் என்றும், ஈ-சிகரெட் என்றும், வாலிபர்களால் 'வேப்' என்றும் சொல்லப்படுகின்ற சாதனத்தைப் பற்றியே நாம் பேசுகின்றோம். 2003-ம் ஆண்டில் சீன தேசத்தில் ஹோன் லிக் என்ற மருந்தாளர் ஒருவரால் செய்யப்பட்ட இது, இருபது ஆண்டுகளுக்குள் உலக முழுவதும் பரவிவிட்டது. பார்த்தால் பேனாவைப் போல இருக்கும். சில பென்டிரைவைப் போல இருக்கும். பிள்ளையின் சட்டைப் பையில் இருந்தாலும் தகப்பனுக்குத் தெரியாது. பள்ளிக்கூட மேசையின் மேல் இருந்தாலும் வாத்தியாருக்குத் தெரியாது. மாம்பழ வாசனை, புதினா வாசனை, வெண்ணெய் வாசனை என்று வகை வகையாய் வாசனை வரும்.

"இதைத்தான் சர்க்கார் தடை செய்துவிட்டதே, இப்பொழுது இதைப் பற்றி எழுதுவானேன்?" என்று சிலர் கேட்கலாம். தடை செய்தது உண்மைதான். 2018-ல் தமிழ்நாடு சர்க்கார் தடை செய்தது. 2019 செப்டம்பர் 18-ந் தேதி மத்திய சர்க்கார் அவசரச் சட்டம் பிறப்பித்து, அவ்வாண்டு டிசம்பரிலேயே பார்லிமெண்டில் அதைச் சட்டமாக்கிற்று. அதன்படி இதைச் செய்வதும், இறக்குமதி செய்வதும், விற்பதும், விளம்பரம் செய்வதும் குற்றமாகும். முதல் தடவைக்கு ஓராண்டு வரையில் சிறை, அல்லது ஒரு லட்ச ரூபாய் வரையில் அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் செய்தால் மூன்றாண்டு வரையில் சிறையும், அய்ந்து லட்சம் வரையில் அபராதமும் உண்டு. ஆனால் சட்டம் கடையைத்தான் மூடிற்று, நம்பிக்கையை மூடவில்லை. "இதில் கெடுதி இல்லை, சிகரெட் கம்பெனிக்காரனுக்காகத்தான் தடுத்திருக்கின்றார்கள்" என்ற எண்ணம் படித்த வாலிபர்களிடத்திலேயே இருந்து வருகின்றது. அந்த எண்ணம் இருக்கின்ற வரையில் சரக்கு மறைவாக வந்துகொண்டுதான் இருக்கும். சரக்கைப் பிடிப்பது போலீசாருடைய வேலை. மூடநம்பிக்கையைப் பிடிப்பது நம்முடைய வேலை. ஆதலால்தான் எழுதுகின்றோம்.

முதலாவது, இது நீராவி என்பது பச்சைப் பொய்யாகும். அந்தக் கருவிக்குள் இருப்பது தண்ணீரல்ல. புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் என்ற இரண்டு திரவங்கள், அவற்றில் கரைத்த நிக்கோட்டின், வாசனைக்கென்று சேர்த்த பல இரசாயனங்கள் ஆகியவையே உள்ளே இருக்கின்றன. ஒரு பஞ்சுத் திரி இந்தத் திரவத்தை உறிஞ்சுகின்றது. திரியைச் சுற்றியுள்ள கம்பிச் சுருளைப் பேட்டரி சூடாக்குகின்றது. கொதிக்கும் தண்ணீரின் சூட்டைவிட அதிகமான சூடு அங்கே உண்டாகின்றது. அதனால் எழும்புவது நீராவியல்ல; அத்திரவங்களின் கண்ணுக்கடங்காத நுண்துளிகளே அவ்வாறு எழும்புகின்றன.

இந்தத் திரவங்கள் சூடேறினால் என்ன ஆகும் என்பதை அறியக் காலேஜுக்குப் போக வேண்டியதில்லை. வடைச் சட்டியில் எண்ணெய் தீய்ந்துவிட்டால் அடுப்பங்கரையில் நிற்கின்றவர்களுடைய கண்ணைக் கரித்து, தொண்டையைக் கமறச் செய்கின்ற ஒரு காரம் எழும்புகின்றதல்லவா? அந்தக் காரத்திற்குப் பெயர் அக்ரோலின். எண்ணெயில் அடங்கியிருக்கின்ற கிளிசரின் கருகுவதாலேயே அது உண்டாகின்றது. மின் சிகரெட்டின் கிளிசரின் அதிகச் சூடேறினாலும் அதே அக்ரோலின்தான் வரும். அத்துடன் பார்மால்டிஹைடும், அசிட்டால்டிஹைடும் வரும். பார்மால்டிஹைடைத் தண்ணீரில் கரைத்தால் அதுவே பார்மலின். வைத்தியக் கல்லூரிகளில் பிணத்தைக் கெடாமல் வைத்திருக்கப் பயன்படுவது. புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச நிலையத்தார் 2004-ல் அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று தீர்மானித்துவிட்டார்கள். விளக்கில் எண்ணெய் வற்றித் திரி காய்ந்தால் கருகி நாறுகின்றது போலவே, இந்தக் கருவியிலும் திரவம் வற்றினாலும் சூடு கூடினாலும் இந்த நஞ்சுகள் கூடுதலாக வருகின்றன. இழுக்கின்றவனுக்கு எந்த இழுப்பில் எவ்வளவு என்று எப்படித் தெரியும்? செத்த உடம்பைப் பாதுகாக்கின்ற பொருளை உயிருள்ள உடம்புக்குள் செலுத்திக்கொள்ளுவதற்கு நாகரிகம் என்று பெயர் வைப்பது எந்த ஊர் அறிவு என்று கேட்கின்றோம்.

நிற்க, கம்பிச் சுருளுக்கு வருவோம். அது எதனால் செய்யப்பட்டது? பெரும்பாலும் நிக்கலும் குரோமியமும் கலந்த கம்பி, அல்லது இரும்பும் குரோமியமும் அலுமினியமும் கலந்த கம்பி. குரோமியம் என்றால் என்ன என்று ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டைத் தோழர்களுக்கு நாம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. டானரியில் 'வெட் புளூ' தோலுக்கு இருக்கின்ற நீலநிறம் குரோமியத்தினுடைய நிறந்தான். 2018-ல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார், மின் சிகரெட் பிடிக்கின்ற 56 பேருடைய சொந்தக் கருவிகளைச் சோதித்து முடிவை வெளியிட்டார்கள். புட்டியில் இருந்த திரவத்தில் உலோகம் சொற்பம். அதே திரவம் சூடான சுருளைத் தொட்டு ஆவியாக வந்தபோது அதில் ஈயமும், குரோமியமும், நிக்கலும், மாங்கனீசும் அதிகமாகக் காணப்பட்டன. அதாவது உலோகம் சூடேற்றும் சுருளிலிருந்தே ஆவியில் சேருகின்றது.

நியாயத்தை விட்டு நாம் பேசக்கூடாது. குரோமியத்தில் இரண்டு வகை உண்டு. தோல் பதனிடுகின்ற உப்பில் இருப்பது கெடுதி குறைந்த வகை. இராணிப்பேட்டையில் 1995-ல் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை மலைபோல் விட்டுப்போன கழிவில் இருப்பது புற்றுநோய் உண்டாக்குகின்ற வகை. மேலே சொன்ன சோதனை குரோமியத்தின் மொத்த அளவையே அளந்தது. ஆனால், நுரையீரல் என்பது காற்றுக்காக இருக்கின்ற உறுப்பேயொழிய ஈயத்திற்கும் நிக்கலுக்கும் குரோமியத்திற்கும் கிடங்கல்ல என்பதற்கு எந்தச் சோதனைச்சாலை வேண்டும்? பகலெல்லாம் ஷூ கம்பெனியில் பசை வாடையிலும், டானரியில் தோல் தூசியிலும் உழைத்த நுரையீரலுக்குச் சாயங்காலத்தில் கிடைக்கின்ற ஓய்வு இதுதானா?

இரண்டாவது, "இதில் சேர்ப்பதெல்லாம் பலகாரத்தில் சேர்க்கின்ற வாசனைச் சரக்குதானே, தின்னக்கூடியதை முகர்ந்தால் என்ன?" என்கின்றார்கள். இது அறிவாளி போலப் பேசுகின்ற முட்டாள்தனமாகும். தின்பது இரைப்பைக்குப் போகின்றது. இழுப்பது நுரையீரலுக்குப் போகின்றது. சோறு தின்னக்கூடியதுதான், அதற்காக ஒரு பருக்கை மூச்சுக் குழாய்க்குள் போனால் சும்மா இருக்கின்றதா? அமெரிக்காவில் மிசௌரி மாகாணத்தில் சோளப்பொரித் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த எட்டுப் பேருக்கு நுரையீரலின் சிறு குழாய்கள் அடைபட்டு மீளாத நோய் வந்த செய்தி 2000-ம் ஆண்டில் வெளியாயிற்று. காரணம், பொரிக்கு வெண்ணெய் வாசனை தருவதற்காகச் சேர்த்த டையசிட்டைல் என்ற பொருளின் ஆவி. பொரியைத் தின்றவர்களுக்கு அந்த நோய் வரவில்லை. அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளிக்கே வந்தது. அதே டையசிட்டைல், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் 2015-ல் சோதித்த 51 வகை மின் சிகரெட் வாசனைகளில் 39 வகையில் இருந்தது.

மற்றொன்றும் சொல்லுகின்றோம். 2019-ல் அமெரிக்காவில் இந்தக் கருவிகளைப் பிடித்தவர்கள் மூச்சு முட்டி ஆஸ்பத்திரிகளுக்கு வந்தார்கள். 2020 பிப்ரவரி வரையில் 2,807 பேர். அவர்களில் 68 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் பிடித்தது கஞ்சாச் சத்துச் சேர்த்த கள்ளச் சரக்கு. அதில் கலப்படம் செய்யப்பட்டிருந்த வைட்டமின் ஈ அசிட்டேட் என்ற பொருளே முக்கியமான காரணமென்று கண்டுபிடிக்கப்பட்டது. வைட்டமின் ஈ மாத்திரையில் விழுங்கப்படுகின்றது, தோலுக்குப் பூசப்படுகின்றது, கெடுதி இல்லை. அதையே நெஞ்சுக்குள் இழுத்தான், செத்தான். "தின்னக்கூடியதுதானே" என்ற வாதத்திற்கு இதைவிட வேறென்ன பதில் வேண்டும்? நம் நாட்டில் கிடைப்பது முழுவதும் கள்ளச் சரக்கு என்பதையும் இவ்விடத்தில் நினைத்துப் பார்க்கவேண்டும். புட்டியில் என்ன இருக்கின்றதென்று விற்கின்றவனுக்கே தெரியாது.

மூன்றாவது, "சிகரெட்டைவிட இது குறைவுதானே? இங்கிலாந்தில் டாக்டர்களே சிபாரிசு செய்கின்றார்களே" என்கின்றார்கள். இந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கின்றது. அதை நாம் மறைக்க மாட்டோம். சிகரெட்டில் புகையிலை எரிகின்றது. எரிவதால் தாரும், கரியமில விஷவாயுவும், ஆயிரக்கணக்கான பொருள்களும் வருகின்றன. மின் சிகரெட்டில் எரிவது இல்லை. ஆதலால் வருகின்ற நஞ்சுகளின் எண்ணிக்கையும் அளவும் குறைவுதான். 2015-ல் இங்கிலாந்து சுகாதார இலாகா, இது சிகரெட்டைவிட 95 சதவிகிதம் கெடுதி குறைந்தது என்றுகூட ஒரு மதிப்புச் சொல்லிற்று. அங்கே டாக்டர்கள் சிபாரிசு செய்வது யாருக்கு? பல வருஷங்களாகச் சிகரெட் பிடித்து, விடமுடியாமல் தவிக்கின்றவனுக்கு. ஒன்றுமே பிடிக்காத பதினாறு வயதுப் பையனுக்கு அல்ல. அவன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது சிகரெட்டோடு அல்ல, சுத்தமான காற்றோடு. பத்தாவது மாடியிலிருந்து விழுவதைவிட இரண்டாவது மாடியிலிருந்து விழுவதில் கெடுதி குறைவு என்பது உண்மை. அதற்காகத் தரையில் நிற்கின்றவனை மாடிக்கு அழைத்துப் போய் இரண்டாவது மாடியிலிருந்து குதிக்கச் சொல்லுவது எப்படிப்பட்ட தர்மம்?

அந்தப் பையன்கள் விஷயத்தில் நடந்தது என்ன என்பதற்கும் கணக்கு இருக்கின்றது. 2019-ல் அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் நூற்றுக்கு 27.5 பேர் இதைப் பிடிப்பவர்களாக இருந்தார்கள். சிபாரிசு செய்த அந்த இங்கிலாந்தே, ஒரு தடவை உபயோகித்து எறிகின்ற மின் சிகரெட்டுகளை விற்கக்கூடாதென்று 2025 ஜூன் 1-ந் தேதி முதல் தடுத்துவிட்டது. சீமையைச் சாட்சிக்கு அழைக்கின்றவர்கள் சாட்சி சொல்லுவதைக் கடைசி வரையில் கேட்கவேண்டாமா?

இனி நிக்கோட்டினுக்கு வருவோம். புகையிலைக் கஷாயம் அடித்தால் செடியில் பூச்சி சாகின்றது என்பது நம் கிராமத்துக் குடியானவர்களுக்குத் தெரிந்த விஷயம். அப்பூச்சியைக் கொல்லுகின்ற பொருள்தான் நிக்கோட்டின். மனிதனை அது உடனே கொல்லுவதில்லை, அடிமையாக்குகின்றது. அடிமையாகிவிட்டவன் தானாகவே மறுபடியும் கடைக்கு வருகின்றான். வாசனையும், நிறமும், நாகரிகமும் முதல் தடவைக்குத்தான். இரண்டாவது தடவைக்கு நிக்கோட்டினே போதும். பகுத்தறிவு பேசுகின்ற நம் தோழர்களில் ஒருவன், பூசாரியைப் பார்த்து "ஆதாரம் எங்கே?" என்று கேட்டுவிட்டு, தெரு முனையில் நின்று ஆதாரம் கேட்காமல் இந்த ஆவியை இழுப்பானானால், அவன் பூசாரியை மாற்றிக்கொண்டானே தவிர வேறு என்ன செய்தான்?

நம் பக்கத்து மக்கள் இதை மற்றவர்களைவிடச் சீக்கிரம் புரிந்துகொள்ள வேண்டியவர்கள். ஏனெனில், "கண்ணுக்குத் தெரியவில்லை, ஆகையால் கெடுதியில்லை" என்ற பேச்சினால் ஏற்பட்ட பலனை இந்தப் பாலாற்றங்கரையைப் போல அனுபவித்தவர்கள் அதிகமில்லை. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டு வாரக்கணக்கில் தோல் பதனிட்ட காலம் போய், 1970-களில் குரோம் முறை பரவிற்று. வேலை சீக்கிரம், லாபம் அதிகம், சரக்கு நயம் என்றார்கள். கழிவுத் தண்ணீர் போகின்ற இடத்தில் என்ன ஆகும் என்று யாரும் முன்னதாகச் சோதித்துப் பார்க்கவில்லை. பிறகு, இப்பகுதியில் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் முழுவதுமோ ஓரளவுக்கோ சாகுபடிக்கு உதவாமல் போயிற்று என்று சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பிலேயே எழுதும்படி ஆயிற்று. மூக்கை நம்பியவர்கள் கதையும் நமக்குத் தெரியும். கழிவுத் தொட்டியில் உண்டாகின்ற விஷவாயு குறைவாக இருக்கும்போது அழுகிய முட்டையைப் போல நாறுகின்றது. அதிகமானவுடன் மூக்கின் உணர்ச்சியையே மரக்கச் செய்துவிடுகின்றது. நாற்றம் போய்விட்டது, ஆபத்தும் போய்விட்டது என்று நினைத்து இறங்கினவன் ஏறி வருவதில்லை. நாற்றம் நஞ்சுக்கு அளவுகோல் அல்ல. வாசனை சுத்தத்திற்கு அத்தாட்சியும் அல்ல.

மேலே சொன்ன தீர்ப்பு, வேலூர் குடிமக்கள் நலச் சங்கத்தார் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28-ந் தேதி சொல்லப்பட்டது. நம் ஊர் மக்களுடைய கஷ்டத்திலிருந்து பிறந்து இந்தியா முழுவதற்கும் வழிகாட்டியாகிவிட்ட தீர்ப்பு அது. கெடுதி வருமென்று பயப்பட இடமிருந்தால், விஞ்ஞான நிச்சயம் முழுவதும் ஏற்படவில்லை என்ற காரணத்தைச் சொல்லித் தடுப்பதைத் தள்ளிப்போடக் கூடாது என்றும், கெடுதி இல்லை என்று ருஜுப்பிக்க வேண்டிய பொறுப்பு தொழில் நடத்துகின்றவனையே சேர்ந்தது என்றும் அதில் சொல்லப்பட்டிருக்கின்றது. அதாவது, கிணறு கெட்டுப்போன குடியானவன் நஞ்சை நிரூபிக்க வேண்டியதில்லை. நஞ்சை விடுகின்றவன்தான் அது நஞ்சல்ல என்று நிரூபிக்க வேண்டும். நாம் சொல்லுவதும் இதுவேதான். மின் சிகரெட்டால் இருபது வருஷம் கழித்து என்ன வருமென்று தாயார் தகப்பனார் நிரூபிக்க வேண்டியதில்லை. ஒன்றும் வராது என்று விற்கின்றவன் நிரூபிக்கட்டும். அதுவரையில் நம் பிள்ளைகளுடைய நெஞ்சு அவனுக்குச் சோதனைச்சாலை அல்ல.

கெடுதியை முதலில் விட்டுவிட்டு ருஜுவைப் பிறகு தேடினால் என்ன ஆகுமென்பதற்கும் பாலாறே சாட்சி. 1996-ல் அவ்வளவு பெரிய தீர்ப்பு வந்தும், 28 வருஷம் கழித்து 2025 ஜனவரி 30-ந் தேதி அதே சுப்ரீம் கோர்ட்டு, வேலூர்ப் பகுதித் தோல் கழிவைப் பற்றி மறுபடியும் உத்தரவு போட்டு, பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு கொடுக்கும்படியும், கெடுத்தவர்களிடம் அதை வசூல் செய்யும்படியும் சொல்ல வேண்டியிருந்தது. ஆறு கெட்டால் கோர்ட்டுக்காவது போகலாம். நுரையீரல் கெட்டால் எந்தக் கோர்ட்டு அதைத் திருப்பிக் கொடுக்கும்?

கடைசியாக ஒரு கேள்வி பாக்கி இருக்கின்றது. "மின் சிகரெட்டைத் தடுத்த சர்க்கார் பீடியையும் சிகரெட்டையும் பெட்டிக்கடை தோறும் விற்க விட்டிருப்பதேன்?" என்று கேட்கின்றார்கள். இது சரியான கேள்வி. 2016-17-ல் எடுத்த கணக்குப்படி இந்தியாவில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு 28.6 பேர் ஏதாவது ஒரு வகையில் புகையிலையை உபயோகிக்கின்றவர்கள். ஆண்டுதோறும் 13 லட்சம் பேருக்குமேல் அதனால் சாகின்றார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகின்றது. அப்படியிருந்தும் சர்க்கார் அதில் வரி வாங்குகின்றது. சர்க்காருக்குப் பெரும் பங்குள்ள ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன், நாட்டின் மிகப் பெரிய சிகரெட் கம்பெனியில் பெரும் பங்குதாரராகவும் இருக்கின்றது. ஆயுளுக்கு இன்ஷூர் செய்கின்ற கையே ஆயுளைக் குறைக்கின்ற தொழிலில் லாபம் வாங்குகின்றதென்றால் அந்த ஒழுக்கத்தை என்னவென்று சொல்லுவது? ஆனால் இதிலிருந்து வரவேண்டிய முடிவு, "ஆகையால் மின் சிகரெட்டையும் விடு" என்பதல்ல. ஒரு வீட்டில் திருடன் புகுந்திருக்கின்றான் என்பதற்காக மற்ற வீட்டுக் கதவையும் திறந்து போடுவதா? எல்லாப் புகைக்கும் ஒரே அளவுகோல் வேண்டும் என்பதுதான் நம் முடிவு.

அந்த அளவுகோலைப் பிடிக்கின்றபோது குடியாத்தம், பேரணாம்பட்டு, வேலூர்ப் பக்கங்களில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுகின்ற நம் பெண்மக்களை மறந்துவிடக்கூடாது. நாளெல்லாம் புகையிலைத் தூளை முகர்ந்து, சொற்பக் கூலி வாங்குகின்றவர்கள் அவர்கள். பீடியைக் குறைக்கின்ற திட்டம் எதுவாயிருந்தாலும், அவர்களுக்கு வேறு வேலையும் கூலியும் ஏற்படுத்திவிட்டே தொடங்கவேண்டும். இல்லையேல் அது சுகாதாரத்தின் பெயரால் ஏழை வயிற்றில் அடிப்பதாகவே முடியும்.

ஆகவே, நாம் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். தாய் தகப்பன்மாரும் உபாத்தியாயர்களும் அந்தப் பேனாவைக் கையில் எடுத்துப் பார்க்கட்டும். பிள்ளையை அடிக்காமல், உள்ளே இருப்பது இன்னின்னது என்று எடுத்துச் சொல்லட்டும். தொழிற்சங்கத் தோழர்கள் வாசற்கூட்டங்களில் கூலியைப் பற்றிப் பேசுகின்றபோது, மூச்சைப் பற்றியும் பேசட்டும். சர்க்காரார் சிறு பையனைப் பிடித்துக் கணக்குக் காட்டாமல், சரக்கை இறக்குகின்ற பெரிய கையைப் பிடிக்கட்டும். புகையை விட விரும்புகின்றவர்களுக்கு ஒவ்வொரு சர்க்கார் ஆஸ்பத்திரியிலும் உதவி கிடைக்கும்படி செய்யட்டும். வாலிபத் தோழர்கள், யாராவது கையில் கொடுத்து "வெறும் ஆவிதான், இழு" என்றால், இழுப்பதற்கு முன் "ருஜு எங்கே?" என்று ஒரு வார்த்தை கேட்கட்டும்.